ஒன்றாக மூடாத இரண்டு கண்கள்

அது ஒரு கறுப்புப் பெட்டி. இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினால் அடங்கிவிடும். ஒரு பக்கம் கண்களை வைத்துப் பார்க்க இரண்டு கண்ணாடிகள், எதிர்ப்பக்கம் வெளிச்சம் வர ஒரு பால்கண்ணாடி, மேலே படத்தைச் செருக ஒரு பிளவு. எங்கள் ரப்பர் தோட்டத்தில் அதற்கு யாரும் முறையான பெயர் வைக்கவில்லை. 'கிராணி வீட்டு ரெண்டு கண்ணுப் பெட்டி' என்பார்கள், அவ்வளவுதான். இப்போது அது ஜொகூர் பாருவை ஒட்டிய ஸ்கூடாயில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல், பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைத் தூக்கி அலமாரிக்குள் வைக்கவும் மனம் வரவில்லை, கண்ணெதிரே வைத்துக்கொண்டு சாப்பிடவும் முடியவில்லை.

அதற்குள் செருகியிருப்பது ஒரே ஒரு படம். அட்டைச் சட்டத்தில் இரண்டு சின்னச் சதுரங்கள், இரண்டிலும் பார்வைக்கு ஒரே காட்சி. தீக்குழியின் கடைசி ஓரம். மஞ்சள் வேட்டி கட்டிய அப்பா முன்பக்கமாகச் சாய்ந்து விழுந்துகொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் அதே மஞ்சள் வேட்டியில் சித்தப்பா, வலது கையை நீட்டியபடி. இடது கண்ணால் மட்டும் பார்த்தால் சித்தப்பாவின் உள்ளங்கை அப்பாவின் முதுகில் பட்டிருக்கிறது. வலது கண்ணால் மட்டும் பார்த்தால் படவில்லை, கைக்கும் முதுகுக்கும் நடுவே மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று தெரிகிறது. எங்கள் குடும்பம் இத்தனை காலம் அந்தக் கோட்டை நம்பித்தான் வாழ்ந்தது. எனக்கு அதன்மேல் இப்போது கோபம் கோபமாக வருகிறது.

மலேசியாவில், குளுவாங்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்த ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் வேலை செய்தது என்று பொருள். அப்பாவும் அவருடைய ஒரே தம்பியான சித்தப்பாவும் பால்மரம் வெட்டினார்கள். எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாகத் தம்பி பிறந்து, அவனும் நீலம் பாரித்துக் கிடந்தபோது அப்பா தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார், பிள்ளை பிழைத்தால் மூன்று திருவிழாவுக்குத் தீ மிதிக்கிறேன் என்று. தம்பி பிழைத்தான். அப்பா இரண்டு வருடம் பழுதில்லாமல் இறங்கி நடந்தார். மூன்றாவது வருடம், நேர்த்திக்கடன் முடிய வேண்டிய அன்று, குழியைத் தாண்டிப் பால் ஊற்றிய பள்ளத்தில் கால் வைப்பதற்கு முன்னால் விழுந்தார். இரண்டு கைகளையும் நெருப்பில் ஊன்றி விழுந்தார்.

விழுந்தவரை ஓடிப்போய்த் தூக்கிய கூட்டம், வேன் குளுவாங் மருத்துவமனைக்குப் புறப்பட்ட உடனே இரண்டாகப் பிரிந்துவிட்டது. விரதம் சுத்தமாக இருந்தால் நெருப்பு பூவாக இருக்கும், அருள் வந்தவன் விழமாட்டான் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. விழுந்துவிட்டான் என்றால் இரண்டே காரணம்தான். ஒன்று, விரதத்தில் குறை. இல்லாவிட்டால், யாரோ தள்ளியிருக்க வேண்டும். தள்ளக்கூடிய தூரத்தில் இருந்தவர் சித்தப்பா ஒருவர்தான். அதற்கு முந்திய வாரம்தான், கள்ளுக்கடையே கதியென்று கிடந்து வேலைக்கு வராமல் போன சித்தப்பாவை அப்பா பெரட்டுக்களத்தில், காலையில் பேர் வாசிக்கிற நேரத்தில், எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்திருந்தார். "இருக்கட்டும், ஒரு நாளைக்குப் பாத்துக்கிறேன்" என்று சித்தப்பா சொன்னதை மொத்தத் தோட்டமும் கேட்டிருந்தது. அதன் பிறகும் அவர் காப்புக் கட்டிக்கொண்டு அண்ணனுக்கு அடுத்த ஆளாகக் குழியில் இறங்கினார் என்றால் அது அவருடைய முரட்டுத்தனம்.

அப்பாவைக் கேட்டால் தெரிந்துவிடாதா என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டார்கள். "அம்மன் மேல வந்திருந்தா. எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார் அப்பா. கட்டுப் போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டே இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். முதுகில் கை பட்டதா என்று கேட்டதற்கும் அதே பதில்.

அந்த நேரத்தில்தான் பெரிய கிராணி திருவிழாவில் படம் எடுத்தது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. ஆபீஸில் தலைமைக் கணக்கராக இருந்தவரைத்தான் அப்படிக் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளை அரைக்கால்சட்டையும் நீளக் காலுறையும் போட்டுக்கொண்டு ஆங்கிலப் பேப்பர் படிப்பவர். ஆள் கொஞ்சம் விறைப்பு, ஆனால் கெட்ட மனசு கிடையாது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் நாற்காலியைக் குழியின் நீளவாக்கு ஓரத்தில் போட்டு உட்கார்ந்து, முன்பக்கம் இரண்டு கண் வைத்த அந்த கேமராவால் படம் எடுப்பார். இடது கண் ஒரு படம், வலது கண் ஒரு படம், ஒரே அழுத்தில் இரண்டு. மனிதக் கண்கள் இருக்கிற இடைவெளியில் அவை இருப்பதால், பெட்டியில் வைத்து இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது மரம் பின்னால் போகும், ஆள் முன்னால் வருவார், கையை நீட்டித் தொடலாம் போல இருக்கும். அந்த வருடம் அவர் எடுத்த சுருளைச் சிங்கப்பூருக்கு அனுப்பித்தான் கழுவ வேண்டும். அது திரும்பி வருகிறவரை சித்தப்பா ரப்பர் பால் சேர்க்கும் ஸ்டோருக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் தங்கினார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பிடவில்லை. ஒரு நாள் நான் ஒளித்துக் கொண்டுபோன ரொட்டியைக்கூட அவர் வாங்கவில்லை. "உங்கம்மாவுக்குத் தெரிஞ்சுதான் எடுத்தியா பாப்பா?" என்று கேட்டார், நான் இல்லையென்று தலையாட்டியதும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

படம் வந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் நடந்தது இன்றைக்கு நினைத்தாலும் பாதி சிரிப்பும் பாதி வயிற்றெரிச்சலுமாக இருக்கிறது. பெரிய கிராணி பெட்டியைக் கொண்டுவந்து கோயில் தலைவர் கையில் கொடுத்தார். தலைவர் அணில் சுடப் போகிறவர் மாதிரி ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "தொட்டிருக்கான்!" என்றார். அடுத்தவர் மறுபக்கத்துக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "எங்க தொட்டிருக்கான்? தள்ளித்தானே நிக்கிது?" அதற்குப் பிறகு பெட்டி கை மாறி மாறிப் போயிற்று. பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டே பார்த்தார்கள். எங்கள் ஆட்களுக்கு ஓட்டை வழியாகப் பார்ப்பது என்றால் ஒரு கண்தான். இடது கண்காரர்கள் ஒரு பக்கம், வலது கண்காரர்கள் இன்னொரு பக்கம் என்று தோட்டம் பிரிந்து, ஒருவரையொருவர் குருடன் என்று திட்டிக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டது. அம்மன்மேல் சத்தியம் செய்தவர்களும் இருந்தார்கள், இரண்டு பக்கத்திலும்.

பெரிய கிராணிக்குப் பொறுமை போய்விட்டது. "இதென்ன துவக்கோ, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாக்க? ரெண்டு கண்ணையும் திறந்து பாருங்கோ" என்று சத்தம் போட்டார். பிறகு எல்லோருக்கும் விளக்கினார். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் சித்தப்பாவின் கை நம் பக்கமாக, முன்னால் அந்தரத்தில் நிற்பது தெரியும், அப்பாவின் முதுகு அதற்கு அப்பால் இருக்கும். ஒரு கண்ணுக்குப் பட்ட மாதிரியும் மறு கண்ணுக்குப் படாத மாதிரியும் தெரிவதற்குக் காரணம் அந்த இடைவெளிதான். "இந்தக் கமராவின்ர ரெண்டு கண்ணும் ஒண்டாத் திறந்து ஒண்டா மூடும். உள்ளுக்க ஒரே கம்பிதான் ரெண்டையும் இழுக்குது. கை முதுகில படேல்லை. இது பொய் சொல்லாது" என்றார். கேமராவோடு வந்த சிறு கையேட்டையும் எடுத்துவந்திருந்தார். அதில் கேமராவின் வயிற்றைத் திறந்து காட்டும் படம் இருந்தது. ஒரே கம்பி, அதன் இரு முனையிலும் இரண்டு தகடுகள். தலைவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கிராணி சொன்னா சரிதான்" என்றார்.

என்னையும் யாரோ தூக்கிப் பெட்டிக்குள் பார்க்கவைத்தார்கள். இரண்டு கண்ணையும் அகலத் திறந்து பார்த்தேன். சித்தப்பாவின் கை தனியாக, யாரையும் தொடாமல், என் மூக்குக்கு நேராக நின்றது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சித்தப்பா தள்ளவில்லை என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப விரதத்துலதான் ஏதோ குறை" என்று ஒரு பெண் குரல் சொன்னது. தள்ளவில்லை என்றால் மிச்சமிருப்பது அந்தக் காரணம்தானே. ஆண் விரதம் இருந்தாலும் சமைத்துப் போடுகிறவள் மனைவி. கருவாடு பட்ட சட்டியில் ஆக்கினாளா, தீட்டு நாளில் அடுப்படிக்குப் போனாளா, அதற்கும் மேலே என்னென்னவோ. ஒருத்தி நேராகவே வந்து கேட்டாள். "புதுச் சட்டியிலதான் ஆக்கினேன்" என்றார் அம்மா. அந்த ஒரு வாக்கியத்தை அம்மா அன்றைக்குச் சொன்னதோடு விடவில்லை. எங்கேயாவது திருமண வீட்டில், சாவு வீட்டில், பேச்சு அந்தப் பக்கம் திரும்பாதபோதும் திடீரென்று சொல்வார். "புதுச் சட்டியிலதான் ஆக்கினேன், தெரியுமா?" கடைசியாக மருத்துவமனையில் நினைவு தப்பிக்கொண்டிருந்தபோதும் இதைத்தான் சொன்னார். அங்கே இருந்த தாதி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

அப்பா வீட்டுக்கு வந்தபோது அவருடைய விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி ஒட்டியிருந்தன. கத்தி பிடிக்கக் கைகள் உதவவில்லை. கிராணி என்ன சொன்னார் என்று கேட்டார், சொன்னோம். "சரி" என்றார். அதற்குப் பிறகு அவர் கோயிலுக்குப் போகவில்லை. நேர்த்திக்கடனை அம்மன் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் தம்பியின் உயிர் இன்னும் பாக்கியில்தான் இருக்கிறது என்று அவருக்குள் ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது. தம்பிக்குச் சளி பிடித்தால்கூட அப்பாவின் முகம் வெளுத்துவிடும். ஆற்றுக்குப் போகாதே, மோட்டார் ஓட்டாதே, சிங்கப்பூர் வேலை வேண்டாம் என்று பயந்து பயந்தே அவனை வளர்த்து, கடைசியில் அவன் இந்த வீடே வேண்டாம் என்று சிகாமட் பக்கம் போய்க் குடியேறிவிட்டான். என் திருமணம் குளுவாங்கில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. அப்பா செருப்புகள் கிடந்த இடத்தோடு நின்றுவிட்டார். நான் மணக்கோலத்தில் போய்க் கூப்பிட்டேன். "அம்மன் வேணாம்னு சொன்ன ஆளும்மா நான். என் கால் உள்ள பட்டா உனக்கு ஆகாது" என்றார். என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தது சித்தப்பாதான். தண்ணீர் ஊற்றும்போது அவருடைய கைகள் நடுங்கின. பாசத்தில் நடுங்குகிறார் என்று நான் நினைத்தேன், அதை நினைத்து அழவும் செய்தேன்.

சித்தப்பாவைப் பற்றி எதைச் சொல்ல? கள்ளை அன்றோடு விட்டார். அப்பாவின் மரங்களையும் சேர்த்து வெட்டினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. மடங்கிய கையால் அப்பா தானே சாப்பிடப் பழகுகிறவரை மூன்று வேளையும் சோறு ஊட்டியது அவர்தான். "உங்கப்பனுக்கு ஊட்டப் போனா என் வெரலக் கடிக்கிறாரு பாப்பா, வேணும்னே கடிக்கிறாரு லா" என்று என்னிடம் முறையிடுவார், அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் சோற்றைத் துப்புவார். என்னை மோட்டாரில் பின்னால் உட்காரவைத்து, சட்டையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனார். படிக்கவைத்தார். ஜொகூர் பாருவில் தொழிற்சாலை வேலை கிடைத்தபோது பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று வாங்கித் தந்தார். என் வாழ்க்கையில் நான் யாரையாவது சந்தேகமில்லாமல் நேசித்தேன் என்றால் அது அவரைத்தான். யாராவது பழைய கதையைக் கிளறினால் அவர் ஒன்றே ஒன்று சொல்வார்: "பெரிய கிராணி சொன்னாருல்ல?" சில வருடங்களுக்கு முன்னால் அவர் இறந்தார். அப்பா தன் மடங்கிய கைகள் இரண்டுக்கும் நடுவே அவர் கையை இடுக்கிக்கொண்டிருந்தார்.

ரப்பர் தோட்டம் செம்பனைத் தோட்டமாகி, பிறகு வீடுகளாகிவிட்டது. அம்மா போன பிறகு அப்பா என்னோடு வந்துவிட்டார். பெரிய கிராணியும் ஜொகூர் பாருவில் மகள் வீட்டில் இருந்துதான் காலமானார். துக்கம் கேட்கப் போனபோது அவருடைய மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஒரு பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "நீங்க ஃபேக்டரியில இந்த மாதிரி சாமான்தானே பாக்குறீங்க? எங்க வீட்டுல இத யாரும் தொடப் போறதில்ல. உங்க அப்பா படமும் இதுல இருக்கு, எடுத்துக்கங்க லா" என்றார். பைக்குள் பெட்டி, படம், கையேடு, அந்த கேமரா.

தொழிற்சாலையில் என் வேலை என்னவென்று சொன்னால்தான் அடுத்து நான் செய்தது விளங்கும். ஒரு சாதனத்தின் முதல் வடிவம் விற்பனைக்குப் போன பிறகு, அடுத்த வடிவத்தில் உள்ளே ஏதாவது பாகத்தை மாற்றுவார்கள். செலவு குறைய, கோப்பது சுலபமாக, ஏதோ ஒரு காரணம். வெளிக்கூடு அப்படியே இருக்கும். உள்ளே மாற்றியதால் வேறெங்கே என்ன பிசகும் என்று பார்த்துச் சொல்வது என் பிரிவு. 'வெளியே ஒன்றும் மாறவில்லை' என்று யாராவது சொன்னால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவள் கையில் ஒரு பழைய கேமராவைக் கொடுத்தால் சும்மா வைத்திருப்பேனா? அடுத்த சனிக்கிழமை காலையில் திருகாணிகளைக் கழற்றி முன்தகட்டைத் தூக்கினேன்.

உள்ளே அந்தக் கம்பி இல்லை.

முதலில் யாரோ கழற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். கம்பி இருந்ததற்கான துளைகூட இல்லை. இரண்டு கண்களுக்கும் தனித்தனி மூடி, தனித்தனிச் சுருள்வில். விசையை அழுத்தும்போது ஒரு நெம்புகோல் இரண்டையும் தட்டிவிடுகிறது, அதோடு அதன் வேலை முடிந்தது. தட்டிவிட்ட பிறகு ஒவ்வொரு கண்ணும் தன் வில்லின் வேகத்தில் தானே திறந்து தானே மூடிக்கொள்கிறது. இணையத்தில் இந்த கேமராக்களைச் சேர்க்கிற கிறுக்கர்கள் இருக்கிறார்கள், புண்ணியவான்கள். முதல் வடிவத்தையும் இரண்டாவது வடிவத்தையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்துவைத்துப் படம் போட்டிருந்தார்கள். முதலாவதில் ஒரே கம்பி. அது ஒருமுறை கீழே விழுந்து கம்பி வளைந்தால் கேமராவே போச்சு, சரிசெய்ய வழியில்லை. அதனால் இரண்டாவதில் கம்பியை எடுத்துவிட்டு ஒவ்வொரு கண்ணுக்கும் தனி மூடி வைத்தார்கள். பித்தளைப் பல்சக்கரம் நைலானானது, இரண்டு படத்துக்கும் நடுவே இருந்த உலோகச் சுவர் கறுப்பு அட்டையானது. வெளியே ஒன்றும் மாறவில்லை. கையேட்டையும் மாற்றவில்லை, பழையதையே போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பெரிய கிராணி கையேட்டைப் படித்தார், கேமராவைத் திறக்கவில்லை. விலை உயர்ந்த சாமானை யார்தான் திறப்பார்கள்? அந்த மாற்றத்தைச் செய்த ஆளையும் என்னால் திட்ட முடியவில்லை. அவன் மேசையில் நான் உட்கார்ந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

பின்மூடியைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து விசையை அழுத்திப் பார்த்தேன். இடது கண் முன்னால் சிமிட்டியது, வலது கண் ஒரு துளி பிந்தி. மறுபடி அழுத்தினேன். இந்த முறை இரண்டும் ஒன்றாக. மறுபடி, வலது கண் முந்திக்கொண்டது. எண்ணெய் காய்ந்த பழைய வில்கள், இன்றைக்கு அவை சொல்வதை வைத்து அன்றைக்கு என்ன செய்தன என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று போய்விட்டது. கிராணியின் தீர்ப்பு போய்விட்டது. அந்த இரண்டு சதுரங்களும் ஒரே நொடி இல்லை. கைக்கும் முதுகுக்கும் நடுவே நாங்கள் இரண்டு கண்ணாலும் பார்த்த அந்த இடைவெளி இடமாக இல்லாமல் நேரமாக இருக்கலாம். பட்ட கை விலகியிருக்கலாம். விலகியிருந்த கை போய்ப் பட்டிருக்கலாம். விழுகிற அண்ணனைப் பிடிக்கப் போயிருக்கலாம். தள்ளியும் இருக்கலாம். படாமலே போயிருக்கவும் கூடும்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சித்தப்பா ஒருநாளும், ஒரே ஒரு நாள்கூட, 'நான் தள்ளவில்லை' என்று சொன்னதில்லை. 'பெரிய கிராணி சொன்னாருல்ல' என்றுதான் சொன்னார். ஊட்டிய சோறு, வெட்டிய மரம், என்னைத் தாரை வார்த்தபோது நடுங்கிய கை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் பார்த்தேன். ஒரு நிரபராதி, ஊர் நம்பாத வாயால் தனக்காகப் பேசுவதை விட்டுவிட்டு, நம்புகிற வாயைக் காட்டியிருக்கலாம். அதுவும் நியாயம்தானே. இப்படியும் அப்படியுமாக மனசு போய்ப் போய் வந்தது, நிற்கவில்லை.

"அது கிராணியோட கேமராதானே?"

அப்பா அறை வாசலில் நின்றிருந்தார். சர்க்கரை வியாதியில் அவருடைய வலது கண் போய்விட்டது, இடது கண்தான் மிச்சம். அதைக் கொண்டே மேசைமேல் பரப்பியிருந்ததை அடையாளம் கண்டுவிட்டார். நான் மறைத்திருக்கலாம். அப்பாவிடம் மறைத்துப் பழக்கமில்லை, சொல்லிவிட்டேன். "இதுல ரெண்டு கண்ணும் ஒண்ணா மூடாதுப்பா. கிராணி சொன்னது வேற கேமராவுக்கு. அதனால அந்தப் படத்த வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாது, இப்படின்னும் சொல்ல முடியாது, அப்படின்னும் சொல்ல முடியாது." எவ்வளவு தூரம் புரிந்ததோ, அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அந்தப் படத்தக் குடு" என்றார். இத்தனை வருடத்தில் அவர் அதைப் பார்த்ததே இல்லை. பார்க்கக் கேட்டதும் இல்லை.

பெட்டியை அவரால் பிடிக்க முடியாது, நான்தான் பிடித்துக்கொண்டேன். இடது கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். இடது கண்ணில் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். என் கை வலித்தது, எடுக்கவில்லை.

"தொட்டிருக்கான்மா" என்றார்.

பெட்டியை இறக்கி மேசைமேல் வைத்தேன்.

"அப்ப விரதம் சரியாத்தான் இருந்திருக்கு." மடங்கிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அம்மன் என்னைத் தள்ளல. உங்கம்மா மேலயும் குத்தம் இல்ல. புதுச் சட்டியிலதான் ஆக்கினேன், புதுச் சட்டியிலதான் ஆக்கினேன்னு சொல்லிச் சொல்லியே போய்ட்டாளே. இன்னைக்கு இருந்திருக்கணும்மா அவ."

அப்படியெல்லாம் இதை வைத்துச் சொல்ல முடியாது அப்பா என்று என் வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். என் ஆயுசில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. யாரோ வந்து முதுகிலிருந்து மூட்டையை இறக்கிவிட்ட மாதிரி, தோள்கள் தளர்ந்து, அழுதுகொண்டே சிரித்தார். வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவரே கேட்டார், கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போ என்று. தம்பிக்கும் போன் செய்யச் சொன்னார். அவன் எடுக்கவில்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் கால் வைக்கும்போது ஒருமுறை நின்று என்னைப் பார்த்தார், பிறகு உள்ளே போனார். மடங்கிய விரல்களால் கும்பிட முடியாது, இரண்டு முட்டிகளையும் சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். குருக்கள் திருநீறு கொடுக்க வந்து, விரியாத கையைப் பார்த்துத் தயங்கி, புறங்கையில் வைத்துவிட்டுப் போனார். அப்பா அதைச் சிந்தாமல் அப்படியே நெற்றிக்குக் கொண்டுபோனார். நான் அம்மனைக் கும்பிடவே இல்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மாவின் படமும் சித்தப்பாவின் படமும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. வெள்ளிக்கிழமைகளில் இரண்டுக்கும் அப்பாதான் பூ வைப்பார், மல்லிகைச் சரத்தை மணிக்கட்டில் தொங்கவிட்டு, மெதுவாகச் சட்டத்தில் மாட்டுவார். அன்றைக்குக் கோயிலிலிருந்து வந்ததும் அம்மாவின் படத்துக்கு முதலில் வைத்தார். பிறகு சித்தப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். சரம் அவர் மணிக்கட்டிலேயே தொங்கியது. நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பாமலே கேட்டார்.

"ரெண்டு கண்ணாலயும் பாத்தா எப்படிம்மா தெரியும்?"

கை தனியாக நிற்கும் அப்பா, யாரையும் தொடாமல். சின்ன வயதில் இதைத்தான் கத்திக்கொண்டு ஓடினேன். இப்போது சொன்னால் அவர் மறுபடியும் செருப்புகள் கிடக்கிற இடத்துக்குப் போய்விடுவார், அம்மாவும் மறுபடி குற்றவாளியாகிவிடுவார். சொல்லாவிட்டால் என்னை வளர்த்த மனிதர், பதில் சொல்ல வாயில்லாமல் அந்தச் சட்டத்துக்குள் இருக்கிறவர், தன் அண்ணனை நெருப்பில் தள்ளியவராகிவிடுவார். இரண்டில் எது உண்மை என்று எனக்கே தெரியாது.

"அப்படியேதான்ப்பா தெரியும்" என்றேன்.

அப்பா தலையாட்டினார். பிறகு என்னிடம் வந்து, மணிக்கட்டிலிருந்த சரத்தை என் பக்கமாக நீட்டினார். "அவனுக்கு நீயே வச்சிடு" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். அதற்குப் பிறகு சித்தப்பாவுக்குப் பூ வைப்பது என் வேலையாகிவிட்டது. அப்பா அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. வைத்த பூவை எடுக்கவும் சொன்னதில்லை.

இதை எழுதும்போதும் பெட்டி மேசைமேல்தான் இருக்கிறது. சற்று முன்னால் எடுத்துப் பார்த்தேன். வலது கண்ணை மூடினால் சித்தப்பா அப்பாவைத் தொடுகிறார். இடது கண்ணை மூடினால் தொடவில்லை. இரண்டையும் திறந்தால் அந்தக் கை அந்தரத்தில், நான் ஒன்பது வயதில் பார்த்த இடத்திலேயே நிற்கிறது. மோட்டாரில் போகும்போது சட்டையைப் பிடித்துக்கொள் பாப்பா என்று பின்னால் நீட்டிச் சரிபார்க்கிற கை அது. கண்ணெடுக்காமல் பார்த்தேன், பூ வைக்க நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.